மெத்தைக்கடை அக்காவின் மதியத் தூக்கம்

தூங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் ஒருத்தி என்று சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எரிந்தால் எரியட்டும், அப்படி ஒருத்தி இருந்தாள். மெத்தைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். கடையில் எல்லோரும் நேரில் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி என்பார்கள். நாம் அக்கா என்றே வைத்துக்கொள்வோம், பாவம்.

அந்தக் கடை முதலாளிக்கு ஒரு பிடிவாதம். படுத்துப் பார்க்காத மெத்தையைப் பற்றி அவர் கடையில் யாரும் வாயைத் திறந்து புகழக் கூடாது. புது ரகம் எது வந்து இறங்கினாலும் முதலில் பின்னறைக்குப் போகும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா அதில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கி எழ வேண்டும். சும்மா புரண்டு பார்த்தால் போதாது, நிஜமாகவே கண் அசர வேண்டும். எழுந்து வந்து, இடுப்புக்கு எப்படி இருந்தது, புரண்டால் ஸ்பிரிங் முனகுகிறதா, முதுகு வேர்க்கிறதா என்று சொல்ல வேண்டும். மற்றவர்களும் முயன்று பார்த்தவர்கள்தான். பில் போடுகிற அண்ணனைப் படுக்க வைத்தார்கள். மனிதர் குறட்டை விட்டதில் முன்பக்கம் நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அக்காதான் படுத்த மாத்திரத்தில் தூங்குவாள், எழுப்பாமலே எழுந்து வருவாள்.

அதற்குக் காரணம் மெத்தை இல்லை. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டில் அவளுக்குத் தூக்கம் கிடையாது. கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கட்டிலில் அவர் படுத்த பக்கம் இன்னும் அவருடைய பக்கமாகவே இருந்தது. தூக்கத்தில் கை அந்தப் பக்கம் போகும், ஒன்றும் தட்டுப்படாது, விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆனால் கடையின் பின்னறையில், பாதி பிரித்த பிளாஸ்டிக் உறை காலடியில் சரசரக்க, இதுவரை எவரும் படுத்திராத மெத்தையில் கண்ணை மூடினால் அவர் வந்துவிடுவார்.

வரும் விதமும் தனி. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பின்னறைக்கு இருக்கிற ஒற்றைக் கதவு வழியாக அவர் ஒருநாளும் வந்ததில்லை. தலையணைகள் அடுக்கியிருக்கும் சுவரில் ஒரு மஞ்சள் கோடு விழும். கோடு அகலும். சுவரே இரண்டாகப் பிரிந்து விலகும், உள்ளே லிஃப்ட். அவர் கிரீஸ் கையோடு இறங்கி வந்து மெத்தையின் ஓரத்தில் உட்காருவார். அவருக்குப் பின்னால் லிஃப்டுக்குள் சில நாள் அவர்கள் முதலில் குடியிருந்த வீட்டின் ஜன்னல் தெரியும், சில நாள் வெறும் மேகம். கிரீஸ் மெத்தையில் ஒட்டுமே என்று அக்கா பதறுவாள், ஒருநாளும் ஒட்டியதில்லை. பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கொடியில் போட்ட துணியை எடுத்தாயா என்பார் அவர். என் நீலச் சட்டையை யாருக்குத் தூக்கிக் கொடுத்தாய் என்று சண்டைக்கு வருவார். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாலு பேர் முன்னால் அவள் அவரை என்னங்க, வாங்க, சொல்லுங்க என்றுதான் பேசுவாள். கல்யாணமான நாளிலிருந்து கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கை வரை அப்படித்தான். கதவைச் சாத்திவிட்டால் டேய்தான். வாடா, போடா, கையைக் கழுவுடா. அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். பெற்ற மகளுக்குக்கூட இது தெரியாது. கனவிலும் அவள் டேய் என்றுதான் பேசினாள், ஏனென்றால் அங்கே வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் முதலாளியின் மூளையில் ஒரு யோசனை உதித்தது. அக்கா வாயால் சொல்வதை இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள், வாடிக்கையாளர் படம் கேட்கிறார், ஏறி இறங்குகிற கிராஃப் கோடு கேட்கிறார். தூக்கத்தை அளக்கிற ஆப் ஒன்று இருக்கிறதாம், பெயர் நித்திரைத் தோழி. போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கினால் போதுமாம், எவ்வளவு ஆழமாகத் தூங்கினாய் என்று கலர் கலராகக் காட்டுமாம். அக்காவின் போனில் பில் அண்ணன் அதை இறக்கிக் கொடுத்தார்.

திறந்ததும் அது கேட்க ஆரம்பித்தது. உங்கள் மைக்ரோஃபோனைப் பயன்படுத்தலாமா? உங்கள் தொடர்பு எண்களையும் யாரை எத்தனை முறை அழைத்தீர்கள் என்பதையும் பார்க்கலாமா? நீங்கள் இருக்கும் இடத்தை எப்போதும் தெரிந்துகொள்ளலாமா? படங்களைத் திறக்கலாமா? யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து, தண்ணீர் குடிக்கத்தான் வந்தேன், அப்படியே உங்கள் பீரோவையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டோம்? அதையே ஒரு போன் கேட்டால் சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போகிறோம். டார்ச் அடிக்கிற ஆப்புக்கு நம் சம்பந்தியின் நம்பர் எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? அக்காவும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது, மெத்தை காத்திருக்கிறது, அவரும் காத்திருப்பார். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆழ்ந்த தூக்கம் நீல நிறத்தில் வந்தது. முதலாளி அதைப் பெரிதாக அச்சடித்துக் கடையின் முன்கண்ணாடியில் ஒட்டினார்.

அப்புறம் ஒருநாள் காலை, அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, வாசலில் குழாய் ரிப்பேர்காரர் வந்து நின்றார். ஒழுகுகிற குழாய்க்காக அவரை அந்த மாதம் முழுக்கப் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், மனிதர் எட்டிப் பார்த்ததில்லை. இன்று தலையை வாரி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழாயைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே, தனக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்றார். அதை எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். அவர் தன் போனை எடுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

அக்காவின் குரல். தூக்கத்தில் குழைந்த குரல்.

"டேய்... ஏன்டா இவ்வளவு நேரம்? சீக்கிரம் வாடா. தனியா இருக்க முடியலடா."

அதற்கு மேலே, பூ வைத்து, 'உங்கள் அன்புக்குரியவரின் தூக்கத்திலிருந்து ஓர் இனிய தருணம்' என்று எழுதியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவள் அதிகம் கூப்பிட்ட எண்கள் எவை என்று அந்தத் தோழி தானே பொறுக்கி எடுத்திருக்கிறாள். அவர்களெல்லாம் நெருங்கியவர்கள் என்று முடிவு கட்டியிருக்கிறாள். ஆளுக்கொன்று அனுப்பிவிட்டாள். குழாய் ரிப்பேர்காரருக்குப் போனது போல முதலாளிக்கும் போயிருந்தது. அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது அதைத் திறந்து தொலைத்துவிட்டு, அன்று முழுவதும் அக்கா இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பில் அண்ணனுக்குப் போயிருந்தது. மகளின் மாமியாருக்குப் போயிருந்தது. மகளுக்கும் போயிருந்தது.

அக்கா கடைக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? உள்ளே நுழைந்தபோது எல்லோரும் அவரவர் வேலையில் தலைகீழாக நின்றார்கள், அவ்வளவு மும்முரம். மத்தியானம்தான் பில் அண்ணன் வாய் பொறுக்காமல், யாரக்கா அந்த அதிர்ஷ்டசாலி என்று கேட்டேவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நொடியில் எல்லார் முகமும் மாறிவிடும், அடடா என்பார்கள், பாவம் என்பார்கள், முதலாளி லீவு கொடுப்பார். நாளையிலிருந்து அவள் பின்னறைக்குப் போகும்போதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், உள்ளே யார் வருகிறார் என்று. சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதைவிட இவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒருத்தன்," என்றாள்.

அண்ணன் பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

பின்னறையில் தனியாக இருந்தபோது அந்த ஆப்பைத் திறந்து பார்த்தாள். தூக்கத்தில் பேசியவை என்று ஒரு வரிசை. ஒன்றைத் தொட்டாள். அவள் நீலச் சட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடியும் கேட்கிறாள். நிறுத்திய இடத்திலெல்லாம் அவர் பேசியிருந்தார், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் போனில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டிக் கேட்டாள். எங்கேயாவது ஒரு மூச்சாவது விழுந்திருக்காதா என்று பார்த்தாள். மின்விசிறிதான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது, கூடவே ஒரு சின்ன நிம்மதியும் வந்தது, இந்தத் தோழியால் அவரைப் பிடிக்க முடியவில்லையே என்று.

மைக்ரோஃபோனுக்குக் கொடுத்த அனுமதியை அன்றே தேடிப்பிடித்து நிறுத்தினாள். போனை அணைத்து, தலையணைக் குவியலுக்கு அடியில் புதைத்துவிட்டுப் படுத்தாள். தூக்கம் வந்தது, வராமல் இல்லை. மஞ்சள் கோடும் சுவரில் விழுந்தது. ஆனால் அகலவில்லை. நிற்காமல் மேலே போகிற லிஃப்ட் மாதிரி அந்த வெளிச்சம் தரையிலிருந்து கூரைக்கு ஏறி மறைந்துபோயிற்று. அவள் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்ததும், இது யார் காதிலாவது விழுமோ என்ற நினைப்பு கனவுக்குள்ளேயே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நார் மெத்தை, அப்புறம் நுரை மெத்தை, அப்புறம் விலை உயர்ந்த ஒரு மெத்தை, படுத்தால் மிதக்கிற மாதிரி இருக்கும். எதிலும் அவர் இறங்கவில்லை. வெளிச்சம் ஏறிப் போகும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். எழுந்து வந்து இடுப்புக்கு நன்றாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்வாள், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொள்வார். மனிதர் ஒருதரம் செத்தது போதாதென்று இரண்டாம் தரமும் போய்விட்டாரே என்று இருந்தது அக்காவுக்கு. முதல்தரம் பக்கத்தில் உட்கார்ந்து அழ நாலு பேர் இருந்தார்கள், இந்தத் தரம் யாரிடம் போய்ச் சொல்வது?

மகள் வந்தாள். பல் வைத்தியரிடம் வரவேற்பில் உட்காருகிற பெண், மத்தியான இடைவேளையில் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அத்தனை நாளும் போனில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தவள். முகத்தைப் பார்த்ததுமே அக்கா அவளைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உட்கார வேறு எதுவும் இல்லை, புதிதாக வந்திருந்த இரட்டை மெத்தையில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். உறை சரசரத்தது.

மாமியார் கேட்டாராம். கேட்ட விதம் சரியில்லையாம். இவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ யார்கூட வேணும்னாலும் பேசும்மா, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா அப்பா போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள உனக்கு அவர் இல்லாமலே போயிட்டாரா?"

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் வாயை ஒரு சொல்லில் அடைத்தவள் அவள், இதற்கு என்ன சொல்வாள்? சொன்னால் மகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். இல்லாவிட்டால் தினமும் போன் போட்டு இன்று வந்தாரா என்று கேட்பாள். கனவுக்கு இன்னொரு சாவி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும், அவர் சுத்தமாக வராமலே போய்விடுவார். சொல்லாவிட்டாலோ, இந்தப் பெண் தன் அப்பாவை அம்மா மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

"உங்கப்பாதான்டி அது," என்றாள்.

மகள் சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் அவளிடமிருந்து வந்த கேள்வி இதுதான்:

"அப்பாவையா டேய்னு கூப்பிடுவே?"

"தனியா இருக்கறப்போ."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அக்காவுக்கே தெரியவில்லை. தானும் எத்தனையோ நாள் அப்பாவின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறாளாம், கண்ணை மூடிக் கூப்பிட்டிருக்கிறாளாம், கண்ட கண்ட ஆட்களெல்லாம் கனவில் வருகிறார்களாம், பல் பிடுங்க வந்தவர்கள்கூட வருகிறார்களாம்.

"எங்கிட்ட ஒரு தடவைகூட வரலம்மா," என்றாள்.

அக்கா நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இப்போது தன்னிடமும் வருவதில்லை என்று சொன்னாள். கோடு விழுவதையும், லிஃப்ட் நிற்காமல் போவதையும், வாயைத் திறக்கப் பயமாக இருப்பதையும் சொன்னாள். மகள் டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டி, போனைக் கொடு என்றாள்.

தூக்கத்தில் பேசியவை என்ற வரிசை அவள் கையில் திறந்து கிடந்தது. அத்தனையும் அம்மா அப்பாவோடு பேசியது. ஒன்றைத் தொட்டால் போதும். கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷமாக ஒரு கனவுகூடக் கிடைக்காத பிள்ளை அது. மகள் பிறகு விரலை நகர்த்தி எல்லாவற்றையும் அழி என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்றது அது. இத்தனை இனிய தருணங்களையும் இழக்கப் போகிறீர்களே என்று கெஞ்சியது. நித்திரைத் தோழிக்கு எங்கே தவறு நேர்ந்தது என்று சொல்வீர்களா என்று கேட்டது. மகள் ஒன்றுக்கும் மசியவில்லை, ஆப்பையே பிடுங்கி எறிந்தாள். ஆப்காரர்களிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது போனதுதான், அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒளிக்காமல் சொன்னாள்.

அப்புறம் எழுந்து நின்று மெத்தையைத் தட்டிவிட்டாள்.

"படும்மா."

வர மாட்டார் என்றாள் அக்கா. வராவிட்டால் போகட்டும், நீ தூங்கு, கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடக்கிறது என்றாள் மகள். தன் போன், அம்மாவின் போன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்தப்படும் சத்தமும் ஒரு நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. பிள்ளை காவலுக்கு உட்கார்ந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலேயே கண் சொருகியது.

மெத்தை தண்ணீர் போல லேசாக ஆடியது. சுவரில் கோடு விழுந்தது. தரையிலிருந்து கிளம்பி மெல்ல ஏறியது. தலையணை அடுக்கின் உயரத்துக்கு வந்ததும் தயங்கியது. அக்கா வாயைத் திறந்தாள். இந்தத் தரம் மூடிக்கொள்ளவில்லை, வாய்விட்டுக் கூப்பிட்டாள். கோடு அகன்றது. சுவர் விலகிற்று. மஞ்சள் வெளிச்சம் முழங்கால் வரை வந்து நிறைந்தது, அதில் அவர் நின்றார்.

என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இதுவரை சொன்னதே அதிகம்.

கண் விழித்தபோது அறை அமைதியாக இருந்தது. கடையே அமைதியாக இருந்தது. அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் நாற்காலி இருந்தது, மகள் இல்லை. முன்பக்கம் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன, மின்விசிறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு ஆள் இல்லை. பில் மேசையில் பாதி குடித்த டீ ஆறிப்போயிருந்தது. தான் இன்னும் தூக்கத்திலிருந்து எழவே இல்லையோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தெருவைத் தாண்டி எதிர் நடைபாதையில் அவர்கள் நின்றார்கள். முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பில் அண்ணன் மரநிழலில் குந்தியிருந்தார். தலையணை வாங்க வந்த ஒரு கணவன் மனைவி, எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே அவர்களோடு நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் அந்தண்டை, ஒரு மூடிய கடையின் படியில், இரண்டு போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா தெருவைக் கடந்து போனாள். முதலாளி, உங்கள் பெண் எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிவிட்டாள் என்று முணுமுணுத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பில் அண்ணன் பார்க்காமல் எழுந்து கடைக்குள் போனார். அக்கா படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கதவுகிட்டதானே இருந்தே? இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே?"

"நீ பேச ஆரம்பிச்சேம்மா," என்றாள் மகள். "குரல் வெளியில கேட்டுச்சு. அதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை, அவர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு பஸ் போயிற்று, புழுதி அடங்கிற்று. கடைசியில் தாங்க முடியாமல் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

அக்கா அவள் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இளைச்சிருக்காரு," என்றாள்.